விருந்தாளி போன பிறகு ஒரு கேள்வி

போன மாசம் ஒரு சனிக்கிழமை எங்க வீட்டுக்கு ஆறு பேர் சாப்பிட வந்தாங்க. வீடுன்னா பெரிய பங்களா எல்லாம் இல்லை. போபோடியில், பழைய மும்பை நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பி இரண்டு சந்து தாண்டினால் வரும் இரண்டு படுக்கையறை ஃப்ளாட். பால்கனியில் நின்று எட்டிப் பார்த்தால் ஹாரிஸ் பாலம் பக்கம் போகிற மெட்ரோ தெரியும். வந்தவர்களில் ஒருத்தர் ஜெர்மனிக்காரர், எங்கள் ஆபீஸின் பெரிய தலை. "இந்திய வீட்டில் சாப்பிட வேண்டும்" என்று அவர் ஆசைப்பட, எங்கள் மேலாளர் என்னைப் பார்க்க, நானும் பெருமையாகத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தலையாட்டினது நான். சமைத்தது தங்கமணி. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். ஜெர்மனிக்காரருக்குக் காரம் ஆகாது, ஒருத்தர் ஜைனர் (வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு கிடையாது), ஒருத்தர் சனிக்கிழமை அசைவம் தொடமாட்டார், இன்னொருத்தர் அசைவம் இல்லாமல் தொடமாட்டார். ராத்திரி எட்டு மணிக்குப் பட்டுப்புடவையில் சிரித்த முகமாக வாசலில் நின்றாள். பத்தரைக்கு எல்லோரும் கிளம்பினார்கள். "அருமையான மனைவி, கொடுத்துவைத்தவர்" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

கதவைச் சாத்தியதும் தங்கமணி கேட்டாள்.

"என்னங்க, வந்தவங்கள்ல ஒருத்தராவது என் பேரைக் கேட்டாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. அவள் ஈரோட்டில் ஏழு வருஷம் பிளஸ் டூ கணக்கு டீச்சராக இருந்தவள், எனக்குப் புனே மாற்றலானதும் வேலையை விட்டுவிட்டு வந்தவள் என்பதெல்லாம் அங்கே யாருக்கும் தெரியாது. அதைவிடக் கேவலம், நானும் சொல்லவில்லை. "மை வைஃப்" என்று ஒரே வார்த்தையில் அறிமுகத்தை முடித்திருக்கிறேன்.

அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. எனக்குத் தூக்கம் வராவிட்டால் வரலாறு படிப்பேன், உங்களுக்குத் தெரியும். வீட்டுக்கு ஆறு பேர் வந்ததுக்கே இப்படி என்றால், நாட்டின் தலைவர் வீட்டில் வாசலில் நிற்கிற பெண்ணின் கதை என்ன? தேடப் போனதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் இல்லாத பதவி

முதலில் ஒரு விஷயம். "முதல் பெண்மணி" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அப்படி ஒரு பதவி நமது அரசியல் சட்டத்தில் இல்லை. ஜனாதிபதி எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவார், என்ன உறுதிமொழி எடுப்பார், எப்படி நீக்கலாம் என்பதற்கெல்லாம் பிரிவுகள் உண்டு. அவருடைய மனைவியோ கணவரோ என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு வரி கிடையாது. சம்பளம் கிடையாது. ஆனால் வெளிநாட்டு அதிபர் வந்தால் பக்கத்தில் நிற்க வேண்டும், வந்தவரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் ஊர் காட்ட வேண்டும், விருந்தில் யாருக்கு முகம் சுளிக்கிறது என்று கவனிக்க வேண்டும்.

இந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய அமெரிக்காவிலும் இதே நிலைமைதான். அங்கே சுவாரசியமான ஒரு விஷயம், இந்த வேலையை மனைவி மட்டும் செய்யவில்லை. ஜெஃபர்சன் மனைவியை இழந்தவர். அவர் 1801-ல் அதிபரானபோது, அவருடைய வெளியுறவு அமைச்சர் மாடிசனின் மனைவி டாலி மாடிசன் பல விருந்துகளுக்கு அம்மணியாக நின்றார். புக்கானன் கல்யாணமே செய்துகொள்ளாதவர். 1857 முதல் 1861 வரை அவருடைய மருமாள் ஹாரியட் லேன் அந்த இடத்தில் இருந்தார். அதாவது அதிபர் இல்லாமல் வெள்ளை மாளிகை நடக்காது, அதிபரின் மனைவி இல்லாவிட்டாலும் வாசலில் நிற்க ஒரு பெண் இல்லாமல் நடக்காது!

1978-ல்தான் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதிபரின் கடமைகளில் துணைவர் உதவுகிறார் என்றால் அவருக்கு அரசு ஊழியர் உதவி தரலாம், துணைவர் இல்லாவிட்டால் குடும்பத்தில் அதிபர் குறிப்பிடும் ஒருவருக்குத் தரலாம் என்று அதில் எழுதினார்கள். முதல் அதிபர் 1789-ல் பதவியேற்றார். கணக்கு போட்டுப் பாருங்கள், இது "வேலை" என்று காகிதத்தில் ஒத்துக்கொள்ளவே 189 வருஷம் ஆகியிருக்கிறது.

நம்ம ஊர் லேடிகள்

இந்தியாவில் இந்த வழக்கம் வைஸ்ராய் காலத்தில் வேரூன்றியது. சென்னைக்காரர்களுக்கு லேடி வெலிங்டன் பள்ளி தெரிந்திருக்கும், டில்லிக்காரர்களுக்கு லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி. இந்த "லேடி"கள் எல்லாம் கவர்னர், வைஸ்ராய்களின் மனைவிகள். அவர்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, தர்பார், நடனம், விருந்து. கர்சனின் மனைவி 1903 டில்லி தர்பாரில் மயில்தோகை வடிவ வேலைப்பாடு செய்த கவுனில் வந்ததை இன்றைக்கும் எழுதுகிறார்கள். இரண்டாவது, தர்மகாரியம். 1885-ல் டஃபரின் சீமாட்டி, இந்தியப் பெண்களுக்குப் பெண் டாக்டர்கள் வேண்டும் என்று நிதி திரட்டி ஒரு சங்கம் ஆரம்பித்தார். பெண்களுக்கான ஆஸ்பத்திரிகள் பல ஊரில் எழும்பியதற்கு அது ஒரு காரணம்.

இந்த விருந்து உலகத்தின் ஒரு மேடை எங்கள் போபோடியிலிருந்து சில கிலோமீட்டரில்தான் இருக்கிறது. கணேஷ்கிண்டில் இருக்கும் புனே பல்கலைக்கழகத்தின் பிரதான கட்டடம். 1860-களில் கட்ட ஆரம்பித்தது, பம்பாய் கவர்னரின் மழைக்கால மாளிகை. 1897 ஜூன் 22 அன்று விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கொண்டாட்டம் அங்கே நடந்தது. உள்ளே விளக்கு, விருந்து. வெளியே ஊரில் பிளேக், அதைவிட மோசமாக பிளேக் அதிகாரிகளின் வீடு புகுந்த சோதனை. விழா முடிந்து திரும்பிய பிளேக் கமிஷனர் ராண்டையும் லெஃப்டினன்ட் ஆயர்ஸ்ட்டையும் கணேஷ்கிண்ட் சாலையில் சாபேகர் சகோதரர்கள் சுட்டார்கள். ஆயர்ஸ்ட் அப்போதே இறந்தார், ராண்ட் சில நாள் கழித்து. ஒருவர் வீட்டுக்குள் அழையாமல் நுழைந்த அதிகாரி, இன்னொருவர் வீட்டு விருந்திலிருந்து திரும்பும்போது விழுந்தார். அந்த ரோட்டில் தினமும் ஆபீஸ் பஸ்ஸில் போகிறேன், இந்த நினைப்பு வராத நாள் குறைவு.

சேலத்திலிருந்து போன பெண்

இனி நமக்கு நெருக்கமான கதை. 1948 ஜூன் 21. மவுண்ட்பேட்டன் கிளம்ப, ராஜாஜி கவர்னர் ஜெனரல் ஆனார். அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஒரே இந்தியர் அவர்தான். 340 அறை கொண்ட மாளிகை. முன்னால் அங்கே விருந்து கொடுத்தவர் எட்வினா மவுண்ட்பேட்டன், இங்கிலாந்தின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பெண், அகதி முகாம்களில் அலைந்து வேலை செய்து பெயர் எடுத்தவர். அவருக்கு அடுத்து யார்?

ராஜாஜியின் மனைவி அலமேலு மங்கம்மா இறந்து அப்போது முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. வந்தவர் மகள் நாமகிரி. இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். கல்கத்தா கவர்னர் மாளிகையிலிருந்து டில்லி வரை, பிறகு சென்னையில் ராஜாஜி 1972 டிசம்பர் 25-ல் கண் மூடும் வரை, அப்பாவின் வீட்டை நடத்தியவர்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். நம்ம பழக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். திருவள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே ஒதுக்கினார், அதை இல்லறவியலில் வைத்தார். அதாவது விருந்து என்பது கணவன், மனைவி சேர்ந்து செய்வது. சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வெளியே கோவலன் வருந்தும்போது கண்ணகி சொல்லும் குறைகளில் ஒன்று, நீ பிரிந்த பிறகு விருந்தினரை வரவேற்கும் பேறு எனக்கு இல்லாமல் போயிற்று என்பதுதான். கணவன் பக்கத்தில் இல்லையென்றால் அவளுக்கு வாசலில் நிற்கும் உரிமையும் இல்லை. கம்பனின் சீதையும் அசோகவனத்தில் இருந்தபடி, விருந்தினர் வந்தால் ராமன் என்ன செய்வானோ என்றுதான் கலங்குகிறாள்.

அப்படிப்பட்ட ஒரு மரபில், கணவனை இழந்த பெண் என்றால்? எங்கள் ஊரில் என் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டில் என் பெரியத்தை பின்கட்டிலேயே இருப்பார். முந்நூறு பேருக்குப் பலகாரம் அவர் கையால்தான் ஆகும். ஆனால் வாசலுக்கு வந்து "வாங்க" என்று சொல்லமாட்டார். சந்தனம், குங்குமத் தட்டை வேறு யாராவது வைத்திருப்பார்கள்.

அதே காலகட்டத்து வைதிகக் குடும்பத்தில் பிறந்த நாமகிரி அம்மாள் நாட்டின் முதல் வாசலில் நின்றார். வந்த தூதர்களையும் அவர்கள் மனைவிகளையும் வரவேற்றார். இது ஒரு சட்டம் போட்டு வந்த மாற்றம் இல்லை. அதைப் பற்றி யாரும் மேடை போட்டுப் பேசியதாகவும் நான் படித்ததில்லை. நின்றார், அவ்வளவுதான். எனக்கு என்னவோ அந்த மாளிகையில் ராஜாஜி செய்த பல காரியங்களில் (வைஸ்ராயின் பெரிய அறைகள் வேண்டாம் என்று சிறிய பகுதிக்கு மாறிக்கொண்டதும் அதில் ஒன்று) இது சத்தமில்லாமல் நடந்த பெரிய காரியமாகத் தோன்றுகிறது.

தீன்மூர்த்தி வீட்டு மகள்

அதே 1948-ல் பக்கத்திலேயே இன்னொரு மனைவி இல்லாத வீடு. கமலா நேரு 1936 பிப்ரவரி 28-ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் காசநோயால் இறந்தார். நேரு பிரதமராகி தீன்மூர்த்தி மாளிகைக்குக் குடிபோனபோது (பிரிட்டிஷ் தளபதிக்காகக் கட்டிய வீடு அது) வீட்டம்மாவாக வந்து நின்றவர் மகள் இந்திரா. அவருக்கு அப்போது இரண்டு சின்னப் பையன்கள். கணவர் ஃபெரோஸ் லக்னோவில் நேஷனல் ஹெரால்டு பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வீடு நடத்தப் போனதில் தன் வீடு இரண்டாகப் பிரிந்தது. பிறகு ஃபெரோஸ் எம்.பி. ஆகி டில்லிக்கே வந்தும் பெரும்பாலும் தனி ஜாகைதான். 1960 செப்டம்பரில் மாரடைப்பில் போய்விட்டார். வாசலில் நிற்பதற்கு ஒரு விலை உண்டு, அதை யாரோ கொடுக்கிறார்கள்.

பிரதமர் வீட்டு விருந்தைப் பற்றி இந்திராவே பின்னால் எழுதியிருக்கிறார். அதில் பெரிய தலைவலி சாப்பாடு. மாட்டிறைச்சி ஆகாதவர், பன்றி ஆகாதவர், முட்டை மட்டும் சாப்பிடும் சைவர், சில கிழமைகளில் மட்டும் சைவர்... இதைப் படித்ததும் தங்கமணியிடம் காட்டினேன். "நம்ம வீட்டு ஆறு பேருக்கே இப்படி, அந்தம்மா பாவம்" என்றாள் :-)

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1949-ல் அமெரிக்கா, 1953-ல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழா, 1955-ல் சோவியத் யூனியன் என்று அப்பாவோடு போனார். சாப்பாட்டு மேஜையில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் பேசுவதில்லை என்று பதினாறு வருஷம் பார்த்தார். 1959-ல் காங்கிரஸ் தலைவர். 1966 ஜனவரியில் பிரதமர். அவரை "ஊமைப் பொம்மை" என்று கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பொம்மை என்று நினைத்தவர்கள் எல்லாம் அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள்தான். அவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இலங்கையிலும் இதே மாதிரி. பண்டாரநாயகா கொழும்பு ரோஸ்மீட் பிளேஸ் வீட்டில் காலையில் வருகிறவர்களைத் தாழ்வாரத்தில் சந்திப்பது வழக்கம். 1959 செப்டம்பர் 25 அன்று அப்படி வந்தவர்களில் ஒருவர் அவரைச் சுட்டார், மறுநாள் இறந்தார். அந்த வீட்டை நடத்திய சிறிமாவோ 1960 ஜூலையில் உலகின் முதல் பெண் பிரதமர் ஆனார். (அவர் ஆட்சியில் தமிழர்களுக்கு நடந்தது வேறு கதை, அதை மறந்துவிட்டு எழுதவில்லை.) நம்ம ஊரிலேயே ராமாவரம் தோட்டத்துக்கு யார் போனாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்பார்கள். அந்த வீட்டின் ஜானகி அம்மாள் 1988 ஜனவரியில் முதல்வரானார், ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. கவனித்த எல்லோருக்கும் அரசியல் கை கொடுத்ததில்லை.

ஜனாதிபதி மாளிகையில் சில முகங்கள்

ஜனாதிபதிகளின் துணைவர்கள் வரிசையைப் பார்த்தால் ஒவ்வொரு கதையும் ஒரு விதம். ராதாகிருஷ்ணனின் மனைவி சிவகாமு 1956-லேயே போய்விட்டார், அவர் ஜனாதிபதி ஆனதைப் பார்க்கவில்லை. கே.ஆர்.நாராயணனின் மனைவி உஷா, பர்மாக்காரர், இயற்பெயர் மா டின்ட் டின்ட். வெளியுறவுத் துறை அதிகாரி வெளிநாட்டுப் பெண்ணைக் கட்டக் கூடாது என்று விதி. 1951-ல் நேரு தனி அனுமதி கொடுத்துத்தான் கல்யாணமே நடந்தது. 46 வருஷம் கழித்து, எந்த நாட்டுக்காரி என்பதற்காக அனுமதி கேட்க வேண்டியிருந்ததோ அதே பெண் இந்தியாவின் முதல் பெண்மணி!

ஆர்.வெங்கட்ராமனின் மனைவி ஜானகி பற்றிய சம்பவம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1990 வாக்கில் ஆந்திராவில் அவருக்குப் பட்டு நெசவு காட்டினார்கள். இப்படிப்பட்ட இடத்தில் வி.ஐ.பி. மனைவிகள் என்ன செய்வார்கள்? "அழகா இருக்கு" என்று சொல்லி ஒரு புடவை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். இவர், பூச்சியைக் கொல்லாமல் பட்டு எடுக்க முடியாதா என்று கேட்டார். அங்கே இருந்த கைத்தறித் துறை அதிகாரி குசுமா ராஜையாவுக்கு அந்தக் கேள்வி மனசில் தைத்துவிட்டது. பூச்சி கூட்டைவிட்டு வெளியே போன பிறகு நூல் எடுக்கும் முறையில் இறங்கினார். "அகிம்சைப் பட்டு" வந்தது அப்படி. சம்பளமில்லாத, அதிகாரமில்லாத ஒரு பதவியிலிருந்து கேட்ட ஒரே ஒரு கேள்வி.

அப்துல் கலாமுக்கு மனைவி இல்லை. 2006 மே மாதம் ராமேஸ்வரத்திலிருந்து அண்ணன் உட்பட 50-க்கும் மேற்பட்ட சொந்தக்காரர்கள் ஜனாதிபதி மாளிகைக்கு வந்து ஒரு வாரம் போலத் தங்கினார்கள். அறை வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போடச் சொல்லி, சுமார் மூன்றரை லட்சம் ரூபாயைத் தன் கையிலிருந்து கட்டினார் கலாம். அவருடைய செயலாளர் பி.எம்.நாயர் பின்னால் இதை எழுதினார். அரசு விருந்தாளி வேறு, என் விருந்தாளி வேறு என்கிற கோடு. விருந்து என்பதற்குச் செலவு உண்டு, அந்தச் செலவை யார் ஏற்பது என்று உரக்கக் கேட்டவர் ஒரு பிரம்மச்சாரி என்பதையும் சேர்த்து யோசிக்கிறேன்.

2007-ல் பிரதிபா பாட்டீல் வந்தபோது எல்லாமே தலைகீழ். அவருடைய கணவர் தேவிசிங் ஷெகாவத்தை என்னவென்று அழைப்பது? "முதல் கனவான்" என்று எல்லாம் எழுதிப் பார்த்தார்கள். ஒன்றைக் கவனித்தீர்களா? அவர் வேதியியல் படித்த கல்லூரிக்காரர், அமராவதி மேயராக இருந்தவர் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. துணைவர் ஆண் என்றால் உடனே அவர் யார், என்ன படித்தார் என்று கேட்கத் தோன்றுகிறது! ஓய்வுக்குப் பிறகு பிரதிபா பாட்டீலுக்கு எங்கள் பக்கத்துக் கட்கி கண்டோன்மென்ட்டில் வீடு கட்ட ஏற்பாடு நடந்தது. ராணுவ நிலம் என்று எதிர்ப்பு கிளம்பவே 2012 ஏப்ரலில் வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஆனாலும் புனேவில்தான் குடியேறினார்கள். ஷெகாவத் 2023 பிப்ரவரியில் இதே ஊரில்தான் காலமானார்.

புனேயின் இரண்டு வீடுகள்

இவ்வளவும் படித்துவிட்டு மறு ஞாயிற்றுக்கிழமை தங்கமணியைக் கூட்டிக்கொண்டு எரவாடா பக்கம் போனேன். அங்கே இரண்டு வீடு இருக்கிறது.

ஒன்று குன்றின் மேல் பர்ணகுடி. கணவரை இழந்த பிரேம்லீலா தாக்கர்சி சீமாட்டியின் வீடு. 1933 மே மாதம் காந்தி தன் 21 நாள் உண்ணாவிரதத்தை முடித்தது அங்கே. அதே வருஷம் ஜூன் 16-ல் ராஜாஜியின் இன்னொரு மகள் லட்சுமிக்கும் காந்தியின் மகன் தேவதாஸுக்கும் கல்யாணம் நடந்ததும் அங்கேதான். சாதி தாண்டிய கல்யாணம், அப்பாக்கள் இருவரும் சொன்னதற்காக வருஷக்கணக்கில் காத்திருந்த ஜோடி. விருந்து கொடுத்த பிரேம்லீலா வெறும் "வீட்டுக்காரம்மா" இல்லை. 1951-ல் எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகம் சட்டப்படி பல்கலைக்கழகம் ஆனபோது அதன் முதல் துணைவேந்தர் அவர்தான்.

இன்னொன்று ஆகா கான் மாளிகை. 1942 ஆகஸ்டில் காந்தியோடு கஸ்தூர்பாவும் சிறைவைக்கப்பட்ட இடம். 1944 பிப்ரவரி 22-ல் அங்கேயே இறந்தார். சமாதி தோட்டத்தில், மகாதேவ தேசாய் சமாதிக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தேசத் தலைவரின் மனைவி, விருந்தோம்பல் என்றால் கஸ்தூர்பாவை மிஞ்ச ஆள் கிடையாது. ஃபீனிக்ஸ், சபர்மதி, சேவாகிராமம் என்று நாற்பது வருஷம் அவர் வீட்டுக்கு விருந்தாளி வராத நாள் இல்லை. ஆனால் டர்பனில் 1898-ல் நடந்ததை காந்தியே ஒளிக்காமல் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களின் மூத்திரப் பானையை வீட்டுக்காரர்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்பது அவர் விதி. புதிதாக வந்தவர், அன்று பஞ்சமர் என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்த கிறிஸ்தவர். கஸ்தூர்பா அழுதுகொண்டே பானையை எடுத்துப் போனார். செய்தால் போதாது, சிரித்த முகத்தோடு செய்ய வேண்டும் என்றார் கணவர். சண்டை முற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசல் கேட்டைத் திறந்து வெளியே தள்ளப் பார்த்தார். அந்நிய நாட்டில் நான் எங்கே போவேன் என்று அந்தம்மா கேட்ட பிறகுதான் அவருக்கு வெட்கம் வந்தது.

சாதி விஷயத்தில் காந்தி பக்கம்தான் நியாயம். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் யார் வீட்டில் தங்குவது, என்ன விதி என்பதை முடிவு செய்தவர் ஒருவர், பானையைத் தூக்கியவர் இன்னொருவர். அதற்கு மேல் சிரிக்கவும் வேண்டுமாம். படிக்கும்போது எனக்கு ஜெர்மனிக்காரர் வந்த சனிக்கிழமை ஞாபகம் வந்தது. தலையாட்டினது நான்.

இதைத் தங்கமணியிடம் சமாதிக்குப் பக்கத்தில் நின்றபடி சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தம்மா பேராவது எல்லாருக்கும் தெரியுது" என்றாள். பிறகு அவளே, "எங்க, கஸ்தூரிங்கறது பேரு. பா-ன்னா அம்மா. அதையும் முழுசா விடலை" என்று சிரித்தாள்.

நாமகிரி, உஷா, ஜானகி, சிவகாமு என்று இந்தப் பதிவில் வரிசையாகப் பெயர் போட்டுவிட்டு, வழக்கம்போல வீட்டு ஆளைத் தங்கமணி என்றே எழுதியிருப்பது எனக்கும் உறைக்காமல் இல்லை. பெயரைப் போடட்டுமா என்று நேற்று கேட்டேன். "இன்டர்நெட்ல எல்லாம் வேண்டாங்க. வீட்டுக்கு வர்றவங்ககிட்டச் சொல்லுங்க, போதும்" என்றாள்.

போன சனிக்கிழமை மறுபடி நாலு பேர் வந்தார்கள். கதவு திறந்ததும் முதலில் பெயரைச் சொன்னேன், கணக்கு டீச்சர் என்றும் சொன்னேன். வந்தவர்களில் ஒருத்தர் தன் பையனுக்குப் பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு வரவில்லை என்று ஆரம்பித்து, சாப்பாடு ஆறும் வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தார். அடுத்த வாரத்திலிருந்து அந்தப் பையனும் பக்கத்துக் கட்டடத்துப் பெண்ணும் எங்கள் ஹாலில் படிக்க வருகிறார்கள். ஃபீஸ் எவ்வளவு என்பதை அவளே முடிவு செய்தாள், என்னிடம் கேட்கவில்லை.

அன்றைக்குச் சாம்பார் நான் வைத்தது. உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, விருந்தாளிகள் நல்லவர்கள் :-)